எச்சரிக்கை ஒலியை அடக்குவதற்கு முன்
படகு இயந்திரம் பற்றி ஒரு பாடம்



விவசாயக் குடும்பங்களுக்கான இந்தப் பக்கத்தில் படகு இயந்திரத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நம் வாசகர்களில் பலர் மண்ணை இழந்து நீர்க்கரைக்கு வந்தவர்கள். 1985ஆம் ஆண்டு விக்டோரியா அணை திறந்துவைக்கப்பட்டபோது, 122 மீற்றர் உயரமான அந்த அணைக்குப் பின்னால் தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் தோட்டங்களும் பழைய தெல்தெனிய நகரமும் நீருக்குள் போயின. பல குடும்பங்கள் மகாவலியின் கீழ்ப்பகுதிக் குடியேற்றங்களுக்குச் சென்றன. வேறு சில குடும்பங்கள் நீர்மட்டத்துக்கு மேலுள்ள சரிவுகளில் குடியமர்ந்தன. முன்பு வரப்பு வழியே நடந்து போன இடத்துக்கு இப்போது தெருவால் சுற்றிப் போக வேண்டும், அல்லது படகில் போக வேண்டும். கொத்மலையிலும் நீர் எழுந்தபோது மக்கள் இவ்வாறே ஊரை விட்டு எழும்ப நேர்ந்தது. யுத்தத்தினால் வடக்கு கிழக்கில் இருந்து இடம்பெயர்ந்து, 2009க்குப் பின்னர் திரும்பிச் சென்று, களப்புக் கரைகளில் வயலும் படகுமாக வாழ்வோரும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆகவே, படகின் பின்புறத்தில் பூட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரம், அதாவது நாம் அவுட்போட் மோட்டர் என்று சொல்வது, இன்று நம் உழவுக் கருவிகளில் ஒன்றாகிவிட்டது. அந்த இயந்திரத்தில் விடாமல் எழும் எச்சரிக்கை ஒலியைப் பற்றியதே இந்தப் பாடம்.

நடந்த ஒரு சம்பவம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், கண்டிக்குக் கிழக்கே நீர்த்தேக்கக் கரையொன்றில் வாழும் ஒன்பது குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து கடன் எடுத்தன. அந்தப் பணத்தில் 18 அடி கண்ணாடியிழைப் படகொன்றையும், முன்பு பாவித்த 25 குதிரைவலு இயந்திரமொன்றையும் வாங்கின. மறுகரையில் இருந்து மரக்கறி மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றி வருவதே நோக்கம். கடன் பத்திரத்தில் சாட்சியாகக் கையொப்பமிட்டவன் நான்.

ஆறு மாதம் நன்றாக ஓடியது. பின்னர் ஒரு நாள், நடு நீரில், இயந்திரத்தில் இருந்து விடாமல் ஒரு கூர்மையான சத்தம் எழுந்தது. வேகத்தைக் குறைத்தபோது நின்றது. கூட்டியபோது மீண்டும் வந்தது. ஒரு கிழமை இப்படியே போனது. பிறகு நகரத்துக் கராஜ் ஒன்றுக்கு இயந்திரத்தைக் கொண்டுபோனார்கள். அங்கிருந்தவர் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்து, "இது சென்சர் பிழை, சும்மா கத்துது" என்று சொல்லி ஒரு வயரை வெட்டி, முனையில் டேப் சுற்றிக் கொடுத்தார். சத்தம் நின்றது. எல்லோருக்கும் நிம்மதி. "இப்ப சத்தமே இல்ல சாமி, நல்லா ஓடுது" என்று என்னிடம் வந்து சொன்னார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மூன்றாவது கிழமை, மாலை ஐந்து மணியளவில், படகில் பதினொரு பேர் இருந்தபோது இயந்திரம் முனகி நின்றது. அவர்களில் நால்வர் பாடசாலைப் பிள்ளைகள். கயிற்றை எவ்வளவு இழுத்தும் சில்லு அசையவில்லை. பள்ளத்தாக்கின் காற்று படகைப் பாறைப் பக்கமாகத் தள்ளியது. துடுப்பு ஒன்றும் இருக்கவில்லை. உட்காரும் பலகையைக் கழற்றி, மாறி மாறி வலித்து, இருட்டிய பின்னரே கரை சேர்ந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி பல மாதங்கள் படகில் ஏற மறுத்துவிட்டாள்.

இயந்திரத்தைப் பிரித்தபோது உண்மை தெரிந்தது. குளிர்விக்கும் நீரை மேலே ஏற்றும் சிறிய இறப்பர் இம்பெல்லரில் பாதி இதழ்கள் இல்லை. நீர் ஏறவில்லை, இயந்திரம் கொதித்தது, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. திருத்தச் செலவோடு ஒப்பிட்டால் அந்த இம்பெல்லரின் விலை மிகச் சிறியது. ஒலி சும்மா கத்தவில்லை. மூன்று கிழமைக்கு முன்னரே அது சரியாகத்தான் சொல்லியது. அதன் வாயை நாம் அடைத்துவிட்டோம்.

"நாம்" என்று சொல்வதில் என்னையும் சேர்த்தே சொல்கிறேன். வயரை வெட்டியவர் ஒருவர், ஆனால் "என்ன காரணம்?" என்று கேட்காமல் விட்டவர்கள் நாம் எல்லோரும்.

ஒலி எப்படி எழுகிறது?

"நாங்கள் மண் வெட்டுகிறவர்கள், இயந்திரம் எங்களுக்கு விளங்காது" என்று யாரும் ஒதுங்க வேண்டாம். 1909ஆம் ஆண்டில் இவ்வகை இயந்திரத்தை நன்கு பயன்படும் விதத்தில் செய்து பரவலாக்கிய ஓல் எவின்ரூட், நோர்வேயில் பிறந்து, அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். கிணற்று நீர்ப் பம்பியையும் லாண்ட்மாஸ்டரையும் பழகிய கைக்கு இது புதிய வித்தை அல்ல.

எச்சரிக்கை ஒலியின் அமைப்பு எளிமையானது. பெரும்பாலான இயந்திரங்களில் பற்றறியின் மின்சாரம் சாவி வழியாக ஒலிப்பானுக்கு வருகிறது. ஒலிப்பானில் இருந்து இன்னொரு வயர் இயந்திரத்துக்குள் போய், சிறு சுவிட்ச் ஒன்றில் முடிகிறது. இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தச் சுவிட்ச் மூடிக்கொள்கிறது. உடனே மின்சாரம் இயந்திரத்தின் உடலோடு தொடர்புபட்டு, சுற்று முழுமையாகி, ஒலி எழுகிறது. எண்ணெய் குறைந்தாலும் இதே போல இன்னொரு சுவிட்ச் வேலை செய்கிறது.

இதில் இருந்து ஒரு விடயம் தெளிவாகிறது. ஒலி விடாமல் கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றே காரணமாக இருக்கும். ஒன்று, இயந்திரம் உண்மையாகவே சூடாகிறது. இரண்டு, எண்ணெயில் உண்மையாகவே குறை இருக்கிறது. மூன்று, சுவிட்சில் அல்லது வயரில் பிழை இருக்கிறது. காதால் கேட்டு இந்த மூன்றையும் பிரித்தறிய முடியாது. ஒழுங்காகச் சோதித்துத்தான் அறிய வேண்டும். முதல் இரண்டும் இல்லை என்று நிச்சயமாகக் கண்ட பின்னரே மூன்றாவதைப் பற்றி நினைக்க வேண்டும். நம் சம்பவத்தில் மூன்றாவதில் இருந்து தொடங்கினார்கள். அங்கேயே முடித்தும் விட்டார்கள்.

எல்லா ஒலியும் ஆபத்தைக் குறிப்பதில்லை என்பதையும் அறிந்திருங்கள். சாவியைத் திருப்பியதும் ஒரு முறை சுருக்கமாக ஒலித்து நிற்பது பல இயந்திரங்களில் இயல்பு. ஒலிப்பான் நலமாக இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. சில சுசூகி போர் ஸ்ட்ரோக் இயந்திரங்கள், எண்ணெய் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று நினைவூட்டவும் விட்டுவிட்டு ஒலிக்கும். எண்ணெய் மாற்றிய பின்னரும், கைநூலில் சொல்லியபடி அந்த நினைவூட்டலை நீக்கினால்தான் ஒலி நிற்கும். ஆகவே உங்கள் இயந்திரத்தின் கைநூலைத் தேடி எடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் பாடசாலைப் பிள்ளையிடம் கொடுத்து, எந்த ஒலிக்கு என்ன பொருள் என்ற பக்கத்தைத் தமிழில் எழுதி, படகில் ஒட்டிவையுங்கள்.

நடு நீரில் ஒலி கேட்டால்

1. உடனே வேகத்தைக் குறைத்து, கியரை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். "கரை கிட்டத்தானே, ஓடி முடித்துவிடலாம்" என்று எண்ண வேண்டாம்.

2. இயந்திரத்தின் பின்பக்கம் அல்லது பக்கவாட்டில் உள்ள சிறு துவாரத்தைப் பாருங்கள். இயந்திரம் ஓடும்போது அதில் இருந்து நீர் பீறிட்டு வர வேண்டும். இதை இப்பாடத்தில் "அடையாள நீர்" என்று சொல்வோம். அடையாள நீர் வரவில்லை என்றால், அல்லது ஆவியாக வருகிறது என்றால், இயந்திரத்தை அப்போதே நிறுத்துங்கள்.

3. பயணிகள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். எல்லோரும் பின்னால் வந்து எட்டிப் பார்த்தால் படகு கவிழும்.

4. இயந்திரம் நின்ற பின்னர் அதைச் சாய்த்து மேலே தூக்கி, நீர் உள்ளே போகும் சல்லடை வாய்களைப் பாருங்கள். அங்கே சொப்பிங் பையோ, சல்வீனியாவோ, ஆகாயத்தாமரை வேரோ, வலைத் துண்டோ சுற்றியிருந்தால் அகற்றுங்கள்.

5. இயந்திரம் சற்று ஆறும் வரை காத்திருங்கள். அவசரப்பட்டுச் சூடான இயந்திரத்தின் மீது குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டாம், உலோகம் வெடிக்கக்கூடும். எண்ணெயையும் இந்த நேரத்தில் பாருங்கள்.

6. மீண்டும் இயக்குங்கள். அடையாள நீர் நன்றாக வந்து, ஒலியும் நின்றுவிட்டால், குறைந்த வேகத்தில் கரைக்குத் திரும்புங்கள். நீர் வராவிட்டால், அல்லது நீர் வந்தும் ஒலி நிற்காவிட்டால், இயந்திரத்தை நிறுத்தித் துடுப்பு வலியுங்கள்.

சில இயந்திரங்களில் சூடு கூடினால் வேகம் தானாகவே குறைந்துவிடும். "இழுவை இல்லை" என்று சொல்லி அப்போது மேலும் முறுக்கக் கூடாது. இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை அது.

கரையில் முதற் சோதனை: நீர்

இயந்திரம் குளிரும் வழி இதுதான்: சல்லடை வாய் வழியாக நீர் உள்ளே வருகிறது. கீழ்க்காலுக்குள் சுழலும் இறப்பர் இம்பெல்லர் அதை மேலே தள்ளுகிறது. சிலிண்டரைச் சுற்றி ஓடிச் சூட்டை எடுத்துக்கொள்கிறது. தேமோஸ்டாட் என்ற சிறு கதவு, இயந்திரம் போதிய அளவு சூடானதும் திறந்து நீரை வெளியே விடுகிறது. ஒரு சிறு பங்கு அடையாள நீராக நம் கண்ணுக்குத் தெரிகிறது. வாய்க்காலில் நீர் வராவிட்டால் மதகில் இருந்து வயல் வரை நடந்து பார்ப்பது போல, இந்த வழியையும் ஒவ்வோர் இடமாகப் பார்க்க வேண்டும்.

அடையாள நீரின் துவாரம். சில நாள் கரையில் கிடந்த இயந்திரத்தில் குளவி மண்கூடு கட்டி இந்தத் துவாரத்தை அடைத்துவிடும். தடித்த நைலோன் தூண்டில் நூலை உள்ளே விட்டுச் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம். துவாரம் மட்டும் அடைபட்டிருந்தால் இயந்திரம் சூடாகாமலும் இருக்கலாம்; ஆனால் அது திறந்திருக்காவிட்டால் உள்ளே நடப்பது நமக்குத் தெரியாது.

இம்பெல்லர். இதுவே அடிக்கடி பழுதாவது. ஆண்டுக்கு ஒரு முறையேனும், அல்லது 100 மணித்தியாலம் ஓடிய பின்னரேனும், கீழ்க்காலைக் கழற்றி இதைப் பாருங்கள். இதழ்கள் ஒரு பக்கமாக வளைந்து விறைத்திருந்தாலும், ஓரம் தேய்ந்திருந்தாலும், வெடித்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். இதழ் உடைந்திருந்தால் உடைந்த துண்டுகளையும் தேடி எடுக்க வேண்டும். அவை மேலே போய்க் குழாய்களில் சிக்கினால், புதிய இம்பெல்லர் போட்ட பின்னும் ஒலி தொடரும்.

நீரில்லாமல் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கவே கூடாது. வறண்ட கிணற்றில் பம்பியை ஓடவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே இறப்பர் என்பதால் கெடுதி இன்னும் விரைவாக நேரும். கரையில் சோதிப்பதாக இருந்தால் கீழ்க்காலைப் பெரிய பீப்பாய் நீரில் இறக்கி, சல்லடை வாய்கள் நன்றாக மூழ்கிய பின்னரே இயக்குங்கள். அப்போது கியரைப் பூட்ட வேண்டாம்.

தேமோஸ்டாட். கழற்றி, நூலில் கட்டி, நீருள்ள சட்டியில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். நீர் கொதிப்பதற்கு வெகு முன்னரே அது திறக்க வேண்டும். ஆறும்போது மூட வேண்டும். திறக்காவிட்டால் மாற்றுங்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவதும் சரியல்ல. இயந்திரம் போதிய சூடு அடையாமல் கரி பிடித்துக் கெடும்.

கண்டிப் பக்கத்து நீர்த்தேக்கங்களுக்கு ஒரு சிறப்பான கவனம் தேவை. மலைச் சரிவுகளில் மண் அரிக்கப்பட்டு மகாவலியில் வந்து சேர்கிறது. பொல்கொல்ல, ரந்தம்பே போன்ற இடங்களில் மண் படிவது பலரும் அறிந்த பிரச்சினை. மழைக்குப் பின் கலங்கிய நீரில் உள்ள நுண்மணல், இம்பெல்லரை அரத்தாள் போல அராவுகிறது. வறட்சிக் காலத்தில் நீர் இறங்கும்போது இன்னோர் ஆபத்து உண்டு. விக்டோரியாவில் நீர்மட்டம் மிகவும் தாழும் காலங்களில் பழைய தெல்தெனியவின் இடிபாடுகள் வெளியே தெரிவதைக் கண்டிருப்பீர்கள். அப்போது நீர் இருக்கும் இடத்திலும் ஆழம் இருப்பதில்லை. மூழ்கிய வயலின் சேற்றில் இயந்திரத்தின் கால் படுகிறது. சல்லடை சேற்றை உறிஞ்சுகிறது. நான் சொன்ன இயந்திரத்தின் நீர்வழியிலும் இறுகிய சேறு இருந்தது. அதைச் சுரண்டி எடுத்த முதியவர் கையில் வைத்துப் பார்த்து, "இது நம்ம பழைய வயக்காட்டு மண்ணு சாமி" என்றார். அங்கே நின்ற ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

ஆழம் குறைந்த இடத்தில் இயந்திரத்தைப் பாதி தூக்கி, மெதுவாக ஓடுங்கள். சல்லடை வாய் நீருக்கு மேலே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் குறைந்தால் நிறுத்திவிட்டுக் கோல் ஊன்றிச் செல்லுங்கள். சேற்றில் ஓடிய நாளன்று, நல்ல நீரில் சில நிமிடம் ஓடவிட்டு உள்ளே கழுவுங்கள். களப்பிலும் கடலிலும் ஓடுவோர் ஒவ்வொரு நாளும் நன்னீரால் இப்படிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் உப்பு படிந்து நீர்வழி குறுகிவிடும்.

இரண்டாம் சோதனை: எண்ணெய்

முதலில் உங்கள் இயந்திரம் எந்த வகை என்று அறிந்துகொள்ளுங்கள்.

பெற்றோலோடு எண்ணெயைக் கையால் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் இயந்திரங்களில் எண்ணெய்க் குறைவைச் சொல்லும் ஒலி கிடையாது. சூட்டுக்கு மட்டும் ஒலி இருக்கலாம். சிறிய இயந்திரங்களில் அதுவும் இல்லாமல் இருக்கலாம். இங்கே உங்கள் அளவுதான் பாதுகாப்பு. கைநூல் 50க்கு 1 என்று சொன்னால், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய்; 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர். கண் மதிப்பில் ஊற்ற வேண்டாம். குறைத்தால் இயந்திரம் இறுகும். கூட்டினால் பிளக்கில் கரி பிடிக்கும்.

எண்ணெய்க்குத் தனித் தாங்கி உள்ள டூ ஸ்ட்ரோக் இயந்திரங்களில், தாங்கியின் உள்ளே ஒரு மிதவை இருக்கும். எண்ணெய் இறங்கினால் மிதவையும் இறங்கி ஒலியை எழுப்பும். தாங்கி நிறைந்திருந்தும் ஒலித்தால், மிதவை அழுக்கில் சிக்கியிருக்கலாம், அடியில் நீர் சேர்ந்திருக்கலாம், வடி அடைபட்டிருக்கலாம். தாங்கியைக் கழற்றி, காலியாக்கி, சுத்தம் செய்து, உலர்த்திப் பூட்டுங்கள். எண்ணெய் இயந்திரத்துக்குப் போவது நிச்சயமாகும் வரை ஓட்ட வேண்டாம்.

போர் ஸ்ட்ரோக் இயந்திரத்தில் எண்ணெய் உள்ளேயே தங்கி, ஒரு பம்பியால் சுற்றிவருகிறது. இயந்திரத்தை நிமிர்த்தி வைத்து, நிறுத்திச் சில நிமிடம் கழித்து, அளவுகோலை இழுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் எண்ணெய் நிற்க வேண்டும். பால் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. மேல் கோட்டைத் தாண்டி நின்று பெற்றோல் மணத்தால் எரிபொருள் கலந்திருக்கிறது. இரண்டிலும் இயந்திரத்தை ஓட்டாமல் நல்ல மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அளவு சரியாக இருந்தும் எண்ணெய் எச்சரிக்கை நிற்காவிட்டால், பம்பி போதிய அமுக்கத்தைக் கொடுக்காமல் இருக்கலாம். அதை அமுக்கமானி வைத்துத்தான் அளக்க முடியும். அளக்காமல் "சென்சர் பிழை" என்று சொல்ல எவராலும் முடியாது.

மூன்றாம் சோதனை: சுவிட்சும் வயரும்

நீரும் எண்ணெயும் சரி என்று கண்ட பின்னரே இங்கே வாருங்கள். இச்சோதனையைக் கரையில், இயந்திரம் நன்றாக ஆறியிருக்கும்போது, அதை ஓட்டாமல், சாவியை மட்டும் திருப்பிச் செய்ய வேண்டும்.

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே ஒலி விடாமல் கேட்டால், சூட்டுச் சுவிட்சுக்குப் போகும் வயரின் இணைப்பைக் கழற்றுங்கள். வெட்ட வேண்டாம், கழற்றுங்கள். ஒலி நின்றால் அந்தச் சுவிட்ச் மூடியபடியே பழுதாகியிருக்கிறது. மல்ரிமீற்றர் இருந்தால் அதை உறுதிப்படுத்தலாம்: குளிர்ந்த நிலையில் சுவிட்ச் திறந்திருக்க வேண்டும், சட்டியில் நீரோடு சூடாக்கும்போது, குறித்த சூட்டில் மூட வேண்டும். புதிய சுவிட்ச் ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள்.

இணைப்பைக் கழற்றியும் ஒலி நிற்காவிட்டால், எண்ணெய்த் தாங்கியின் மிதவைச் சுவிட்சையும் இதே போலக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் சுவிட்சுகளில் பிழையில்லை; வயர் எங்கோ உரசி, செம்பு வெளியே வந்து, இயந்திரத்தின் உடலில் படுகிறது. வயரை ஒரு முனையில் இருந்து மறு முனை வரை விரலால் தடவிப் பாருங்கள்.

போர் ஸ்ட்ரோக் இயந்திரத்தின் எண்ணெய் அமுக்கச் சுவிட்சுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. இயந்திரம் நிற்கும்போது அமுக்கம் இல்லாததால் அது மூடியிருப்பது பொதுவாக இயல்பு. அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். அண்மைக் காலத்துப் பெரிய இயந்திரங்களில் கணினிக் கட்டுப்பாடு இருப்பதால், பிழையைப் படிக்கும் கருவி உள்ள இடத்துக்கே கொண்டுபோக வேண்டும்.

சோதனை முடிந்ததும் கழற்றிய எல்லா இணைப்புகளையும் மீண்டும் பூட்ட மறக்க வேண்டாம்.

இதிலும் ஓர் அனுபவம் உண்டு. அந்த ஒன்பது குடும்பங்களும் மேலும் கடன்பட்டு இயந்திரத்தைத் திருத்தினார்கள். வெட்டிய வயரையும் இணைத்தார்கள். ஓராண்டு கழித்து ஒலி மீண்டும் எழுந்தது. இம்முறை படகோட்டும் இளைஞர் அப்போதே நிறுத்தி, துடுப்பால் கரை சேர்த்தார். மறுநாள் எல்லோரும் கூடி ஒழுங்காகப் பார்த்தோம். அடையாள நீர் நன்றாக வந்தது. இம்பெல்லர் புதிது. எண்ணெய் சரியான அளவு. சூட்டுச் சுவிட்சைக் கழற்றினோம், ஒலி நிற்கவில்லை. வயரைத் தடவிக்கொண்டு போனபோது, திருப்பும் கைபிடிக்கு அருகே ஓரிடத்தில் உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. உறையிட்டுக் கட்டி, உரசாத இடமாகத் திருப்பி வைத்தோம். ஒலி நின்றது. செலவு ஒரு சுருள் டேப்.

"அப்படியென்றால் இந்த முறை சும்மாதானே கத்தியது?" என்று ஒருவர் கேட்டார். ஆம், இந்த முறை வயர்ப் பிழைதான். ஆனால் அதை நாங்கள் பார்த்து அறிந்தோம். முதல் முறை பாராமல் சொன்னோம். இரண்டு நாளும் கேட்டது ஒரே ஒலி. முதல் முறை மூன்று கிழமை கழித்து இயந்திரம் போனது, இரண்டாம் முறை ஒரு காலைப் பொழுதில் வேலை முடிந்தது.

குழுவாகச் செய்ய வேண்டியவை

பலருக்குச் சொந்தமான இயந்திரத்தைப் பராமரிக்க ஒருவரும் இல்லாமல் போவது நாம் அடிக்கடி காணும் குறை. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கூட்டத்தில் தீர்மானித்து எழுதிவையுங்கள்.

ஒரு கொப்பி வையுங்கள். அதில் ஓடிய மணித்தியாலம், எண்ணெய் மாற்றிய திகதி, இம்பெல்லர் மாற்றிய திகதி, ஒலி கேட்ட நாள், கண்ட காரணம் ஆகியவற்றை எழுத வேண்டும்.

ஒவ்வொரு பயணத்தின் வருமானத்திலும் ஒரு சிறு தொகையைத் தனி உண்டியலில் இடுங்கள். முதலில் அதில் ஓர் இம்பெல்லரை வாங்கி முன்கூட்டியே வைத்திருங்கள். பழுதான பின் பணம் தேடுவதனால்தான் "ஓடும் வரை ஓடட்டும்" என்ற எண்ணம் வருகிறது.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: இரண்டு துடுப்பு, எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி, நீண்ட கயிறு, நங்கூரம், பிளக்கும் அதற்கான ஸ்பனரும், கத்தி, தூண்டில் நூல், டோர்ச். ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையைப் படகின் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். அதற்கு மேல் ஒருவரையும் ஏற்ற வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அந்த மாலையில் படகை ஓட்டிய இளைஞருக்கு இயந்திரத்தின் சூடு தெரிந்திருந்தது. கருகிய மணமும் வந்ததாகப் பின்னர் சொன்னார். "நிப்பாட்டுவோமான்னு கேட்டேன் சாமி. 'இருட்டிடும் தம்பி, போ போ'ன்னாங்க. எல்லாரும் பெரியவங்க" என்றார். மூத்தோருக்கு மரியாதை கொடுப்பது நம் பண்பு. ஆனால் படகு நீரில் இருக்கும்போது, ஓட்டுகிறவர் வயதில் எவ்வளவு இளையவராக இருந்தாலும், நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். அந்தக் குடும்பங்கள் இன்று இதை விதியாக எழுதிவைத்திருக்கின்றன. உங்கள் குழுவும் எழுதிவைக்கட்டும். நிறுத்தியதால் பிந்திப் போனவர்கள் அவரைக் குறைசொல்லக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

குழுக்களில் கலந்துரையாட

1. உங்கள் இயந்திரம் எந்த வகை? அதில் எந்தெந்தக் குறைக்கு ஒலி எழும் என்று குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2. அடையாள நீர் வரும் துவாரத்தைப் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் காட்டியிருக்கிறீர்களா?

3. உங்கள் இயந்திரத்தில் இம்பெல்லரைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? தெரியாவிட்டால் அதைத் திறந்து பார்க்க ஒரு நாளை இன்றே குறியுங்கள்.

4. வெட்டிய அல்லது கழற்றிவிட்ட வயர் ஏதாவது உங்கள் இயந்திரத்தில் இருக்கிறதா? யார், எந்தக் காரணத்தினால் செய்தார்கள்?

5. ஒலி கேட்டும் தொடர்ந்து ஓடிய சந்தர்ப்பம் உங்களுக்கு இருந்ததா? அன்று நிறுத்தவிடாமல் தடுத்தது எது: அவசரமா, பணமா, பெரியவர்களின் சொல்லா? அடுத்த முறை அந்தத் தடை இல்லாமலிருக்க என்ன செய்வீர்கள்?